பால்கனியில் மண்புழுப் பெட்டி: எப்படி வளர்ப்பது, எதனால் சாகிறது, வீட்டில் யார் பார்த்துக்கொள்வது?

காலை 5.30 மணி. துளசிக்குத் தண்ணீர் ஊற்ற பால்கனிக் கதவைத் திறந்த அத்தை (என் மாமியார்) போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. "இங்க வந்து பாரும்மா... உன் புழுவெல்லாம் வீட்டை விட்டு ஓடுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியின் உள்சுவர், மூடி, வெளிப்பக்கம் எல்லாம் புழு. சில தரையில் இறங்கி வாஷிங் மெஷின் அடிவரைக்கும் போய்க் காய்ந்து கிடந்தன. வாங்கி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைக் கிளறியபோது உயிரோடு ஒரு புழுவும் இல்லை. செத்த புழு எலும்பில்லாத உடம்பு என்பதால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். மிஞ்சியது நாற்றம் மட்டும்தான்.

அது எங்கள் முதல் பெட்டி. இப்போது இரண்டாவது பெட்டி இரண்டாவது வருடத்தில் இருக்கிறது. இடையில் கற்றுக்கொண்டதில் பாதி மண்புழுவைப் பற்றியது. மீதிப் பாதி வீட்டைப் பற்றியது. 'வீட்டிலேயே மண்புழு உரம்' என்று தேடினால் பெட்டி செய்யும் முறை எங்கும் கிடைக்கிறது. நாலு பேர் புழங்கும் அடுக்களையோடு அந்தப் பெட்டி எப்படி ஒத்துப்போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை இரண்டையும் சொல்லப் பார்க்கிறது.

எதற்கு இந்த வேலை?

நம் ஊர் நகரங்களில் வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையில் ஏறத்தாழ பாதி, மக்கும் குப்பைதான். காய்த் தோல், பழத் தோல், டீத்தூள், வாடிய பூ. இது தனியாக இருந்தால் உரம். பிளாஸ்டிக்கோடும் நாப்கினோடும் கலந்தால் யாருக்கும் உதவாத குப்பை. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஒவ்வொரு வீடும் குப்பையைத் தரம் பிரித்துத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. நடைமுறையில் எத்தனை வீட்டில் பிரிக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

கலந்த குப்பை கிடங்குக்குப் போகிறது. காற்றுப் புகாமல் அழுத்திக் கிடக்கும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு வெளியாகும். அது எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டு வாழைப்பழத் தோலும் அந்தப் புகையில் இருந்திருக்கும் என்ற எண்ணம்தான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

மண்புழு என்னதான் செய்கிறது?

மண்புழுவுக்குப் பல் கிடையாது. நாம் போடும் கேரட் தோலை அது அப்படியே கடித்துத் தின்னாது. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தத் தோலை இளக வைக்கின்றன. இளகியதை அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்துப் புழு உறிஞ்சுகிறது. உள்ளே கோழிக்கு இருப்பதுபோல ஓர் அரைவைப் பை இருக்கிறது. மண் துகளைச் சேர்த்து அதில் அரைக்கிறது. பின்பக்கமாக வெளியேறும் கறுப்பான, மணிமணியான எச்சம்தான் மண்புழு உரம்.

அதற்கு நுரையீரலும் இல்லை. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தாலும் சாகும், காற்றில்லாத சேற்றில் நாள்கணக்கில் கிடந்தாலும் சாகும். பெட்டி பராமரிப்பின் எல்லா விதிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

மண்புழுவின் உழைப்பை 1881-ல் ஒரு தனிப் புத்தகமாகவே எழுதினார் சார்லஸ் டார்வின். பத்து வருடம் கழித்து, 1891-ல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் பெ.சுந்தரம் பிள்ளை, நடராசன் என்ற பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவோடு பேச வைத்து அதன் உழைப்பைப் பாராட்டினார். நாங்கூழ் என்றால் மண்புழு. அத்தை ஊரில் 'நாக்குப்பூச்சி' என்பார்கள். பெட்டி வந்த அன்று அத்தை கேட்ட முதல் கேள்வியே, "நாக்குப்பூச்சிய யாராவது வீட்டுக்குள்ள வளர்ப்பாங்களா?" என்பதுதான்.

எந்தப் புழு வாங்க வேண்டும்?

தோட்டத்தைக் கொத்தினால் வரும் புழு எல்லாம் பெட்டிக்குச் சரிப்படாது. மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் புழுவைப் பெட்டியில் போட்டால் தங்காது. மேல்பரப்பில், மக்கும் குப்பைக்குள்ளேயே வாழும் இனங்கள்தான் வேண்டும். நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பவை மூன்று:

• யூட்ரிலஸ் யூஜினியே: 'ஆப்பிரிக்கன் புழு' என்று விற்பார்கள். நீளமாக, தடிமனாக இருக்கும். நம் வெப்பத்துக்கு ஒத்துவரும். வேகமாகத் தின்னும். ஆனால் பெட்டி பிடிக்கவில்லை என்றால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடும்.

• ஐசீனியா ஃபெட்டிடா: சிவப்பாக, சிறியதாக, வரி வரியாக இருக்கும். உலகம் முழுக்க வீட்டுப் பெட்டிகளில் அதிகம் வளர்ப்பது இதைத்தான். 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். சென்னை மே மாதத்தில் கஷ்டப்படும்.

• பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்: நம் நாட்டுப் புழு. ஈரம் அதிகமானாலும் ஓரளவு தாங்கும். சென்னை புதுக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய சூழலியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், நாட்டுப் புழுக்களையே பயன்படுத்தச் சொல்லித் தொடர்ந்து பேசி வருபவர்.

பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களிலேயே புழு கிடைக்கும். மண்புழு உரம் தயாரிக்கும் விவசாயிகளிடமும் வாங்கலாம். ஒரு பெட்டிக்கு அரை கிலோ போதும். வாங்கும்போது அது வாழ்ந்த எருவையும் ஒரு கை சேர்த்துக் கேளுங்கள். பழகிய இடத்து மண் கொஞ்சம் கூட வந்தால் புதுப் பெட்டியில் சீக்கிரம் தங்கும்.

பெட்டியைத் தயார் செய்வது எப்படி?

சுமார் 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம் உள்ள மூடி போட்ட பெட்டி போதும். ஆழமான டிரம்மைவிட அகலமான பெட்டி நல்லது. புழு மேலாகத்தான் தின்னும். ஆழத்தில் காற்று இருக்காது. ஒளி ஊடுருவும் பெட்டி வேண்டாம். புழுவுக்குக் கண் இல்லை என்றாலும் வெளிச்சத்தை உணரும், அதற்குப் பிடிக்காது.

1. அடியில் 10, 12 சிறு துளைகள், பக்கங்களில் மேல்பகுதியில் ஒரு வரிசைத் துளைகள் போடுங்கள். பக்கத் துளைகளில் பழைய கொசுவலையை உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள்.

2. பெட்டியை நான்கு செங்கல் மேலோ ஸ்டாண்டு மேலோ வைத்து, அடியில் ஒரு தட்டு வையுங்கள். நான் முதலில் தட்டு வைக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவையில் சொட்டிவிட்டது. புது உறவைப் பேசித் தேற்ற ஒரு வாரம் ஆனது.

3. அடியில் 2 அங்குலம் தேங்காய் மட்டை, சிறு குச்சி. அதன் மேல் 5, 6 அங்குலம் படுக்கை: ஊறவைத்த தென்னை நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், காய்ந்த இலை. வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

4. நன்றாக ஆறிய, பழைய மாட்டுச் சாணம் இரண்டு கை, தோட்ட மண் ஒரு கை கலந்துவிடுங்கள். அரைவைக்குத் தேவையான துகள் அந்த மண்ணிலிருந்து கிடைக்கும்.

5. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு மட்டும் வந்தால் சரி. ஒழுகினால் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் குறைவு.

6. இதை ஒரு வாரம் அப்படியே விடுங்கள். உள்ளே கைவிட்டால் சூடு தெரியக் கூடாது. அதற்குப் பிறகுதான் புழுவை விட வேண்டும். முதல் மூன்று நாலு இரவு பால்கனி விளக்கை எரிய விடுங்கள். வெளிச்சத்துக்கு பயந்து வெளியே வராமல் உள்ளேயே தங்கிப் பழகும்.

என்ன போடலாம், என்ன போடக் கூடாது?

போடலாம்: காய்த் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், பப்பாளி, தர்பூசணித் தோல், கழுவிய டீத்தூள், காபித்தூள் சக்கை, வாடிய பூ (நார், ஜரிகை எடுத்துவிட்டு), காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு.

கொஞ்சமாக: வெங்காயத் தோல், பூண்டுத் தோல், வெறும் சோறு.

போடவே கூடாது: உப்பு, எண்ணெய், காரம் சேர்த்த சமைத்த உணவு, ஊறுகாய், புளிச்சக்கை, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், பால், தயிர், மீன் கழிவு, கறி, எலும்பு.

எதையும் சிறிதாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். போட்டதைக் கட்டாயம் படுக்கையால் மூடிவிடுங்கள். பழ ஈ வருவதற்கு முக்கியக் காரணமே திறந்து கிடக்கும் தோல்தான்.

எவ்வளவு போடலாம்? புழு தன் எடையில் பாதி அளவு தினமும் தின்னும் என்று சொல்வார்கள். அது எல்லாம் சரியாக அமைந்தால். நான் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் தினமும் சராசரியாக 700 கிராம் காய்க்கழிவு வருகிறது. எங்கள் பெட்டி பிரச்சினையில்லாமல் ஏற்பது 200 கிராம். அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் மாதம் அதிலும் பாதிதான்.

மீதியை என்ன செய்வது? துளை போட்ட மண்பானை ஒன்றில், ஓர் அடுக்கு கழிவு, ஓர் அடுக்கு காய்ந்த இலை என்று போட்டு வருகிறோம். பானையில் மக்கும்போது சூடு வந்து அடங்கிவிடும். இரண்டு வாரம் ஆன கழிவைப் பெட்டிக்கு மாற்றினால் புழு ஆசையாக வரும். பானை முதல் அடுப்பு, பெட்டி இரண்டாவது அடுப்பு.

முதல் பெட்டி ஏன் செத்தது?

முதல் நாள் இரவு அத்தை ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்திருக்கிறார். நாலு நாள் ஆன இட்லி மாவு, ஒரு சின்னப் பாத்திரம் நிறைய. தோசைக்கும் ஆகாத அளவு புளித்துவிட்டது. தொட்டியில் கொட்ட மனசு வரவில்லை. "அரிசியும் உளுந்தும்தானே, பூச்சி தின்னட்டுமே" என்று பெட்டியில் ஊற்றியிருக்கிறார்.

இட்லி மாவில் உப்பு இருக்கிறது. உப்பு புழுவின் தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். புளிப்பு அமிலம். பெட்டிக்குள் மாவு மேலும் பொங்கும்போது சூடு ஏறும், இருக்கிற காற்றையும் அது தின்றுவிடும். போதாக்குறைக்கு மாவு மேலே ஒரு படலமாகப் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிட்டது. ஒரு மண்புழுவுக்கு என்னென்ன ஆகாதோ அத்தனையும் ஒரே பாத்திரத்தில்.

அன்று காலை நான் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். "கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல அத்தை?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து காய் நறுக்கும் தட்டில் தோல் அப்படியே கிடந்தது. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வரும்வரை. கேட்டால், "எதை எங்க போடணும்னு எனக்குத் தெரியலம்மா. நீயே வந்து போட்டுக்கோ" என்றார். பிறகு மிஞ்சிய குழம்பை எந்த டப்பாவில் வைப்பது என்றும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். அப்புறம் என்ன சமைக்கட்டும் என்று.

மாமா போன பிறகு மன்னார்குடிப் பக்கத்து கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தவர். கொல்லையில் எருக்குழி, கிணற்றடித் தண்ணீர் போகும் வாழைத்தூர், மாடு என்று 40 வருடம் வாழ்ந்தவர். இரண்டாம் மாடி ஃபிளாட்டில் அவர் கேட்காமல் செய்ய மிஞ்சியிருந்த ஒரே இடம் அடுக்களை. அதையும் நான் ஒரு புழுப் பெட்டிக்காகப் பறித்துவிட்டேனோ என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், பெட்டி வந்த அன்று அவருக்கு நான் எதையுமே விளக்கவில்லை. வீடியோ பார்த்தது நான், பெட்டி வாங்கியது நான். ஆனால் வீட்டில் நாள் முழுக்கக் காய்த்தோலைக் கையாள்வது அவர்.

ஆடி மாதம் இரண்டாம் பெட்டிக்குச் சாணம் வாங்கி வந்தபோது அவரையே கேட்டேன். விரலால் தொட்டுப் பார்த்தார். "இது பச்சைச் சாணி. சூடும்மா. பதினஞ்சு நாள் ஆற விடு. எருக்குழியிலகூட மேல் சாணியில பூச்சி இருக்காது, அடியிலதான் இருக்கும். பார்த்ததில்லையா நீ?" என்றார். நான் பார்த்ததில்லை. அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. புதுச் சாணத்தில் சூடும் அம்மோனியாவும் வெளியாகும். இரண்டுமே புழுவைக் கொல்லும்.

அன்றிலிருந்து பெட்டி அத்தை பொறுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் 'போடலாம், போடக் கூடாது' பட்டியலை என் பையன் படம் வரைந்து ஒட்டினான். 'போடக் கூடாது' பக்கத்தில் முதல் படமாக இட்லி மாவு வரையச் சொன்னது அத்தைதான்.

தினமும் எவ்வளவு வேலை?

உண்மையைச் சொன்னால், தினமும் 5 நிமிடம். வாரத்தில் ஒரு நாள் 20 நிமிடம்.

தினமும்: மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்வாசம் வந்தால் நலம். போன முறை போட்டது பெரும்பாலும் காணாமல் போயிருந்தால் மட்டும் அடுத்ததைப் போடுங்கள். பெட்டியை மனதுக்குள் நான்கு மூலையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மூலையில் புதைத்தால் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று தெரியும். பிடிக்காததைப் போட்டுவிட்டாலும் புழு மற்ற மூலைக்கு ஒதுங்க இடம் இருக்கும்.

வாரம் ஒரு நாள்: முள்கரண்டியாலோ கையாலோ லேசாகக் கிளறிக் காற்று விடுங்கள். அடித்தட்டைக் கழுவுங்கள். ஈரம் பாருங்கள். கிழித்த பேப்பரோ காய்ந்த இலையோ ஒரு கை சேருங்கள்.

குழந்தைகள் தொடலாம். மண்புழு கடிக்காது. கையில் புண் இருந்தால் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ந்த உரத்தைச் சலிக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது.

என்ன பிரச்சினை, என்ன தீர்வு?

எறும்பு: பெட்டி காய்ந்திருக்கிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை. ஈரத்தைக் கூட்டுங்கள். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பழைய காலத்துப் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல. கொசு வராமல் இருக்க அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எறும்புப் பொடி, சாக்பீஸ் பக்கத்திலேயே வராதீர்கள். அது புழுவையும் கொல்லும்.

துர்நாற்றம்: தீனி அதிகம் அல்லது தண்ணீர் அதிகம். ஒரு வாரம் தீனியை நிறுத்துங்கள். காய்ந்த பேப்பர், நார்க்கழிவு சேர்த்துக் கிளறுங்கள். அழுகியதைக் கையால் எடுத்துப் பானைக்கு மாற்றுங்கள்.

பழ ஈ: தீனியை இன்னும் ஆழமாக மூடுங்கள். மேலே ஈரமான சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள். பழத்தோலை ஒரு நாள் ஃபிரீசரில் வைத்துப் போட்டால் அதிலிருக்கும் முட்டைகள் பெரும்பாலும் ஒழியும்.

பழுப்பு நிறத்தில், தடித்த, வரிவரியான வேறு புழுக்கள்: இது கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்லப்படும் ஈயின் புழு. மழைக்காலத்தில் பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை. இதுவும் கழிவைத் தின்னும், ஆனால் பெட்டியைச் சூடாக்கி மண்புழுவின் தீனிக்குப் போட்டி போடும். வலையைச் சரிசெய்து, ஈரத்தைக் குறைத்தால் குறைந்துவிடும்.

புழு கூட்டமாகச் சுவர் ஏறுவது: உள்ளே ஏதோ ஆகாதது நடக்கிறது. உடனே கைவிட்டுச் சூடு பாருங்கள், முகர்ந்து பாருங்கள். அன்று காலை எங்களுக்கு இது தெரிந்திருந்தால், மாவை வழித்தெடுத்துவிட்டுப் புதுப் படுக்கை போட்டு ஒரு பங்கையாவது காப்பாற்றியிருக்கலாம்.

பல்லி, பூரான், எலி: மூடி இறுக்கமாக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மேலே ஒரு கல்லை வையுங்கள். மைனா, காக்கை எல்லாம் திறந்த பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

கோடையை எப்படித் தாண்டுவது?

தமிழ்நாட்டில் வீட்டுப் பெட்டிகள் அதிகம் சாவது சித்திரையிலும் வைகாசியிலும்தான். பெட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில் மேற்கு பார்த்த பால்கனியில் பிளாஸ்டிக் பெட்டி அடுப்புதான்.

போன கோடையில் நாங்கள் செய்தது: பெட்டியைக் குளியலறைக்கு வெளியே, வெயில் படாத மூலைக்கு மாற்றினோம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மேல் சாக்கை நனைத்தோம். பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றவில்லை, சாக்கை மட்டும். தீனியைப் பாதியாக்கினோம். மக்கும்போதே சூடு வரும் என்பதால் தீனி குறைந்தால் சூடும் குறையும். மிக மோசமான நாள்களில் தண்ணீரை உறையவைத்த அரை லிட்டர் பாட்டிலை மேலாகப் படுக்கவைத்தோம். பாட்டிலைக் காலையில் வைத்து மாலையில் ஃபிரீசருக்கு மாற்றும் வேலை முழுக்க அத்தையுடையது. அப்படியும் கொஞ்சம் புழு போயின. ஆனால் பெட்டி பிழைத்தது.

முட்டைக்கூடுகள் இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. சிவப்புப் புழுவின் கூடு எலுமிச்சை வடிவில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, மஞ்சளாக இருக்கும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் சுமார் 3 வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வரலாம். இன்னும் இரண்டு மாதத்தில் அவை பெரிய புழுவாகிவிடும். அதனால் "எல்லாம் செத்துப்போச்சு" என்று நினைத்தாலும் படுக்கையைத் தூக்கிப் போடாமல் ஒரு மாதம் ஈரமாக வைத்துப் பாருங்கள். (புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது கட்டுக்கதை. தலைப்பக்கம் சில நேரம் பிழைக்கலாம், அவ்வளவுதான்.)

ஐப்பசி மழையில் நேரெதிர்ப் பிரச்சினை. சாரல் படும் பால்கனியில் பெட்டியை உள்தள்ளி வையுங்கள். அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஊருக்குப் போனால் என்ன செய்வது? பொங்கலுக்கு 10 நாள் போனோம். பானையில் பாதி மக்கிய கழிவை ஓரத்தில் புதைத்து, பேப்பர் படுக்கை கூடுதலாகப் போட்டு, சாக்கை நனைத்து மூடிவிட்டுப் போனோம். வந்து பார்த்தபோது எல்லாம் நலம். குளிர்ந்த மாதங்களில் இரண்டு வாரம் பெட்டி தானாக ஓடும். கோடை விடுமுறை என்றால் பக்கத்து வீட்டில் சாக்கை நனைக்கச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

உரத்தை எப்படி எடுப்பது?

மூன்று மாதத்தில் பெட்டியின் பெரும்பகுதி கறுத்து, டீத்தூள்போல் ஆகிவிடும். இரண்டு வழி உண்டு.

ஒன்று, தீனியை ஒரு பக்கத்தில் மட்டும் போட்டு வருவது. இரண்டு மூன்று வாரத்தில் புழு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். காலியான பக்கத்து உரத்தை அள்ளலாம்.

இரண்டு, தரையில் சாக்கு விரித்து உரத்தைச் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி, வெளிச்சத்தில் 15 நிமிடம் விடுவது. புழு குவியலின் அடிக்குப் போகும். மேலாக வழித்தெடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் புழு மட்டும் மிஞ்சும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

எங்களுக்கு ஒரு தடவைக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கிறது. ஒரு தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி போதும். புதுத் தொட்டிக் கலவையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போட்டால் கூடுதல் பலன் இல்லை. நிழலில், லேசான ஈரத்தோடு, காற்றோட்டமான பையில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் போய்விடும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அடித்தட்டில் சொட்டும் கறுப்பு நீர் 'மண்புழுக் குளியல் நீர்' அல்ல. அது பாதி அழுகிய கழிவுநீர். அதிகம் சொட்டினால் பெட்டியில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். 10 மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிகளின் மண்ணில் ஊற்றலாம், கீரை மேல் தெளிக்க வேண்டாம். உண்மையான மண்புழுக் குளியல் நீர் என்பது, புழு நிறைந்த முதிர்ந்த படுக்கை வழியாக நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கி எடுப்பது.

கட்டுப்படியாகுமா?

பெட்டி, ஸ்டாண்டு, நார்க்கழிவு, புழு எல்லாம் சேர்த்து எனக்கு 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் முறை செத்த புழுவுக்கான பணம் தனி. கிடைக்கும் உரத்தின் விலையைக் கணக்குப் போட்டால் லாபம் என்று சொல்ல முடியாது. செடி வளர்ப்பவர்களுக்கு உரம் வாங்கும் செலவு மிச்சம். எங்கள் வீட்டில் மாற்றம் தெரிந்த இடம் குப்பைக் கூடை. ஈரக் குப்பை பானைக்கும் பெட்டிக்கும் போய்விடுவதால் கூடையில் நாற்றம் இல்லை. மக்காத குப்பையை வாரம் இரண்டு முறை கீழே கொண்டுபோனால் போதும்.

செடி இல்லாத வீட்டுக்கு, பால்கனி முழுக்க வெயில் அடிக்கும் வீட்டுக்கு, அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு மண்புழு சரிவராது. அவர்களுக்கு மண்பானை உரமே போதும். அதில் செத்துப்போக எதுவும் இல்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பெட்டி வாங்கும் முன், உங்கள் வீட்டில் காய்த்தோலைக் கையில் எடுப்பவர் யார் என்று பாருங்கள். அம்மாவா, மாமியாரா, சமையலுக்கு வரும் அக்காவா, கணவரா? அவரை உட்கார வைத்து முதலில் பேசுங்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பெட்டி அதற்கு அப்புறம் வரட்டும்.

போன மாதம் மூன்றாம் மாடியில் புதிதாக வந்த பெண் பெட்டியைப் பார்க்க வந்தார். நான் எழுந்திருக்கும் முன்பே அத்தை மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். "சாணிய ஆற விடணும். உப்பு பட்டா போச்சு. வெயில் காலத்துல சாக்க நனைச்சுக்கிட்டே இருக்கணும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக ஒரு டப்பாவில் நாலு கை உரமும் கொஞ்சம் புழுவும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "புளிச்ச மாவு மட்டும் போட்டுடாதே கண்ணு. நான் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார்.